பழங்காலத்துக் கத்தியொன்றைக் கையால் செய்தல்: வன்னியில் கிடைக்கும் பொருள்களோடு

வன்னியில், ஆங்கிலேயரை எதிர்த்த மன்னன் பண்டாரவன்னியனின் நாடகத்தை ஒருமுறையாவது பார்க்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. கதை தெரியும், வசனமும் தெரியும். ஆனால் மேடைக்கு வருகிற கத்தியைப் பார்த்தால் மனம் ஒட்டாது. சந்தையில் வாங்கிய சமையல் கத்திக்குக் கறுப்புப் பெயின்ற் அடித்துப் பிடியில் சணல் சுற்றியிருப்பார்கள். நாடகத்துக்காக, வாசிகசாலைக் கண்காட்சிக்காக, அல்லது பழைய முறையில் ஒரு கத்தியைத் தாமே செய்து பார்க்கும் ஆசையில், இரும்பை எப்படிப் பழசாகக் காட்டுவது என்று இளையவர்கள் என்னிடம் கேட்பதுண்டு.

அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் வெட்டக்கூடிய நல்ல கத்தியொன்றைச் செய்யுங்கள், பிறகு அதற்கு வயதைக் கொடுங்கள். உண்மையான பழைய கத்தியில் எந்தத் தேய்வும் சும்மா வந்திருக்காது. தீட்டுக்கல் பட்ட இடத்தில் அலகு ஒடுங்கியிருக்கும். கட்டைவிரல் பட்ட இடத்தில் முதுகு மினுங்கும். வியர்வை தேங்கிய இடத்தில் பிடியின் முன்முனை வளையமான பூண் பச்சை பிடித்திருக்கும். காரணமில்லாத இடத்தில் துருவை வைத்தால் விசயம் தெரிந்த கண் உடனே பிடித்துவிடும். கீழே வரும் வேலை எல்லாமே இந்தக் கணக்கில்தான் போகிறது.

எந்தக் காலத்துக் கத்தி?

காலத்தை முடிவு செய்யாமல் இரும்பைத் தொட வேண்டாம். நான் எடுத்துக்கொள்வது 1800ஐ ஒட்டிய காலம். 1803 ஓகஸ்ட்டில் பண்டாரவன்னியனின் படை முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தது. அதே ஆண்டு ஒக்டோபர் இறுதியில் ஒட்டுசுட்டானுக்கு அருகே கற்சிலைமடுவில், கப்டன் வொன் டிறிபேர்க் தலைமையில் வந்த ஆங்கிலேயப் படையிடம் அவர் தோற்றார். நாடகங்கள் பெரும்பாலும் இந்தக் காலத்தையே காட்டுகின்றன.

அதற்காக மன்னர் கத்தியோடு தொடங்க வேண்டாம். வெள்ளியும் தந்தமும் பதித்த கண்டிப் பிரபுக்களின் கத்திகளைக் கொழும்பு தேசிய நூதனசாலையில் பார்க்கலாம். அவை பரம்பரையாகத் தொழில் தெரிந்தவர்களின் கைவேலை. புதியவருக்கு ஏற்றது ஊர்க்கொல்லர் ஒரு கமக்காரருக்கு அடித்துக் கொடுக்கக்கூடிய, இடுப்பில் செருகும் நேர் அலகுக் கத்திதான். யாழ்ப்பாணம் நாவலர் வீதியில் உள்ள தொல்பொருள் நூதனசாலைக்கு ஒருமுறை போய், அங்குள்ள பழைய உலோகப் பொருள்களின் மேற்பரப்பைக் கிட்டப் பாருங்கள். கறுப்பு எங்கே தங்கியிருக்கிறது, பளபளப்பு எங்கே மிஞ்சியிருக்கிறது என்று கொப்பியில் வரைந்து கொண்டால் அது பின்னால் பெரிதும் உதவும். வீட்டில் பாட்டனார் காலத்துப் பாளைக்கத்தியோ சத்தகமோ காட்டுக்கத்தியோ இருந்தால் அதையும் எடுத்துப் பாருங்கள்.

அந்தக் காலத்தில் இல்லாத பொருள் கண்ணுக்குத் தெரியக்கூடாது. துருப்பிடியா உருக்கு 1913இல்தான் வந்தது. சிலுவைத் தலைத் திருகாணி 1930களுக்குரியது. எபொக்சிப் பசை கடைக்கு வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. இவற்றையெல்லாம் விலக்கிவிட்டு, கிரைண்டர் தட்டு விட்டுப்போகும் வளைந்த கீறல்களை மட்டும் அப்படியே விடுகிறவர்கள் இருக்கிறார்கள். மேலே எவ்வளவு துரு ஏற்றினாலும் அந்தக் கீறல் கத்தியைக் காட்டிக்கொடுக்கும்.

அளவு இப்படி இருக்கட்டும்: அலகு 13 சென்ரிமீற்றர், அகலம் 28 மில்லிமீற்றர், பிடிக்குக் கிட்ட முதுகுத் தடிப்பு 4 மில்லிமீற்றர். நுனியை நோக்கித் தடிப்பு 2 மில்லிமீற்றர் வரை இறங்கட்டும். கையால் அடித்த கத்தியில் இந்த இறக்கம் இருக்கும். தகட்டை வெட்டிச் செய்த கத்தியில் இருக்காது. பிடிக்குள் போகும் வால் 8 சென்ரிமீற்றர் நீளத்துக்கு, போகப்போக ஒடுங்கிக் கூராக வரவேண்டும். முழு அளவில் மட்டையில் வெட்டிக் கையில் பிடித்துப் பாருங்கள். மட்டையில் பிடிக்காதது இரும்பிலும் பிடிக்காது.

இரும்பு தேடப் போகுமுன்

எங்கள் மண்ணுக்கே உரிய எச்சரிக்கை இது. காணி துப்புரவாக்கும்போதும் கிணறு வெட்டும்போதும் வெளிப்படுகிற இரும்பை எடுக்க வேண்டாம். எவ்வளவு நல்ல உருக்காகத் தெரிந்தாலும் வேண்டாம். வெடிக்காத பொருள்கள் இன்னும் நிலத்துக்குள் இருக்கின்றன. துருப்பிடித்தால் அவை பாதுகாப்பாகிவிடுவதில்லை. சந்தேகமான எதைக் கண்டாலும் தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பி, பொலிஸுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள். பூண் செய்ய நல்ல பித்தளை என்று வெற்றுத் தோட்டாக் கோதுகளை எடுப்பவர்களும் உண்டு. அதுவும் கூடாது.

மான், மரைக் கொம்பில் பிடி போடும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். 1937ஆம் ஆண்டின் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அந்த விலங்குகளைக் காக்கிறது. காட்டில் உதிர்ந்து கிடந்தாலும் எடுக்க வேண்டாம். கொம்பில்தான் வேண்டுமென்றால் வீட்டு மாட்டின் கொம்பு போதும்.

உருக்குத் தேர்வு

பழைய இரும்புக் கடையில் இரண்டு பொருளைத் தேடலாம். ஒன்று தேய்ந்த பெரிய அரம். மற்றது லொறி அல்லது உழவு இயந்திர இழுவைப்பெட்டியின் வில்லுத்தகடு. நல்ல அரத்தில் கரிமம் ஏறத்தாழ 1 சதவீதமோ அதற்குச் சற்று மேலோ இருக்கும். வெட்டும் வாய் கூர்மையாக நிற்கும், கறையும் அழகாக ஏறும். வில்லுத்தகட்டில் கரிமம் 0.6 சதவீதமளவில் இருக்கும். அது அடி தாங்கும், ஆனால் தடிப்பானது. அதைக் கொல்லரிடம் கொடுத்து அடித்து மெலிய வைக்க வேண்டும். பல ஆண்டு ஓடிய வில்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பும் இருக்கலாம். முதற்கத்திக்கு நான் அரத்தையே சொல்வேன்.

அரத்திலும் ஏமாற்றம் உண்டு. மலிவான சில அரங்களில் மேற்தோல் மட்டும்தான் கடினம், உள்ளே மெல்லிரும்பு. சோதிக்க, அரத்தின் ஒரு நுனியைத் துணியால் சுற்றி வைஸில் இறுக்கி, கண்ணாடி அணிந்துகொண்டு சுத்தியலால் தட்டுங்கள். முழு உருக்கென்றால் வளையாமல் சட்டென்று உடையும். உடைந்த முகம் சாம்பல் நிறத்தில் நுண்மணலாகத் தெரியும். வளைந்தால் அந்த அரத்தைத் திருப்பி வைத்துவிடுங்கள்.

உமிக்குள் இளக்குதல்

அரம் இப்போதிருக்கும் கடினத்தில் வாள் ஏறாது. அதை இளக்க வேண்டும். சிரட்டைக்கரித் தணலில் அரம் முழுவதும் சீரான சிவப்பாகும் வரை காய்ச்சி, உமிச் சாம்பல் நிரப்பிய பழைய தகர வாளிக்குள் புதைத்து, மேலே இன்னும் சாம்பலைக் கொட்டி மூடுங்கள். நெல் ஆலை உள்ள எந்த ஊரிலும் உமிக்குக் குறைவில்லை. அதை முன்பே எரித்துச் சாம்பலாக்கி உலர்வாக வைத்திருக்க வேண்டும். ஈரச் சாம்பல் இரும்பைச் சட்டென்று ஆற்றிவிடும். இங்கே நமக்குத் தேவை மெதுவான ஆறுதல். மறுநாள் காலை எடுத்து வேறொரு அரத்தால் தேய்த்துப் பாருங்கள். வழுக்காமல் கடித்தால் இளகிவிட்டது.

வடிவம் எடுத்தல்

மட்டை வடிவத்தை வைத்துக் கோடு கீறி, இரும்பறுக்கும் வாளால் வெட்டுங்கள். பிறகு அரவேலை. அரத்தின் பழைய பற்கள் ஒன்றுகூட மிஞ்சாமல் இரு பக்கத்தையும் ராவி எடுக்க வேண்டும். ஒரு பள்ளம் மிஞ்சினாலும், அலகைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் இறக்கும் தோய்ச்சலின்போது வெடிப்பு அங்கேயிருந்துதான் தொடங்கும். வால் அலகோடு சேரும் மூலையைக் கூர்க்கோணமாக வெட்டாமல் வட்ட அரத்தால் சற்று வளைத்து விடுங்கள். பிடியருகே முறிந்துபோன கத்திகளைப் பார்த்தால் பெரும்பாலும் இந்த மூலையில்தான் முறிந்திருக்கும்.

அலகின் இரு முகத்தையும் முதுகிலிருந்து வாய்வரை மெல்லச் சரித்துக்கொண்டு வாருங்கள். வாயை இப்போதே கூராக்க வேண்டாம். 1 மில்லிமீற்றர் தடிப்பு விட்டால் தோய்ச்சலில் வாய் நெளியாது. கடைசி ராவல் அலகின் நீளவாக்கில் இருக்கட்டும். 120, 220 இலக்கச் சாண்ட் பேப்பரை மரக்கட்டையில் சுற்றி, அதே நீளவாக்கில் தேய்த்து அங்கேயே நிறுத்துங்கள். கண்ணாடிப் பளபளப்பு இந்தக் கத்திக்குப் பொருந்தாது.

இதையெல்லாம் கொல்லர் பட்டறையில் அடித்து எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. சம்மட்டி பட்ட அலகின் முதுகு சிறிது அலையாக இருக்கும். அதை அரத்தால் முழுவதும் நேராக்கிவிடாதீர்கள். ஆனால் கடையில் விற்கிற சில கத்திகளைப் போல முகம் முழுவதும் சுத்தியல் குழி விழுத்தவும் வேண்டாம். அந்தக் காலத்துக் கொல்லர் சுத்தியல் தடத்தை அழிக்கத்தான் பாடுபட்டார்.

தோய்ச்சல்

கத்தி கத்தியாவது இந்தச் சில விநாடிகளில்தான். தேவையானவை: நிலத்தில் வெட்டிய சிறு குழியடுப்பு, துருத்தி அல்லது காற்றடிக்கும் ஏதாவது, சிரட்டைக்கரி, நீளக் குறடு, பழைய ஒலிபெருக்கிக் காந்தம், மூடியுள்ள இரும்புப் பாத்திரத்தில் 2 லீற்றர் தேங்காய் எண்ணெய், பக்கத்தில் ஒரு வாளி மணல். எண்ணெய்க்குப் பிளாஸ்ரிக் வாளி கூடவே கூடாது. எண்ணெய் தீப்பிடித்தால் மூடியால் மூட வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் திறந்த வளவில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். காய்ந்த புல்லில் ஒரு பொறி விழுந்தால் காடே பற்றும்.

நேரம் பொழுதுபட்ட பிறகு. ஒட்டுசுட்டான் பக்கத்துக் கொல்லர் ஐயா ஒருவர் எனக்குச் சொன்னது: “வெயிலுக்க நிண்டு இரும்பின்ர நிறம் பாக்காத தம்பி, எரிச்சுப் போடுவாய்.” பகல் வெளிச்சத்தில் சிவப்பு மங்கலாகத் தெரியும். அதனால் தேவைக்கு மேல் காய்ச்சிவிடுவோம், உருக்கின் மணிகள் பருத்துக் கத்தி முறிகிற கத்தியாகும்.

எண்ணெயைக் கை பொறுக்காத அளவுக்கு, 50 முதல் 60 பாகை செல்சியஸ் வரை முதலில் சூடாக்குங்கள். குளிர்ந்த எண்ணெயை விட இளஞ்சூட்டு எண்ணெய் இளகி, அலகைச் சீராகச் சூழும். அலகைத் தணலில் முன்னும் பின்னும் நகர்த்திச் சீரான சிவப்புக்குக் கொண்டுவந்து காந்தத்தில் தொட்டுப் பாருங்கள். இரும்பு ஏறத்தாழ 770 பாகையில் காந்தத்தை விட்டுவிடும். ஒட்டாத நிலை வந்ததும் திரும்பத் தணலில் வைத்து, நிறம் ஒரு சாயல் கூடியதும் எடுத்து, நுனி முதலாக நேராக எண்ணெய்க்குள் இறக்குங்கள். மேலும் கீழும் அசைக்கலாம். பக்கவாட்டில் அசைத்தால் அலகு வளைந்துவிடும். அரத்து உருக்கைத் தண்ணீரில் தோய்த்தால் வெடிக்கும் வாய்ப்பு மிக அதிகம். பழைய என்ஜின் எண்ணெயின் புகை நெஞ்சுக்குக் கேடு, அதை எடுக்காதீர்கள்.

ஆறியதும் வாயில் அரத்தை ஓட்டுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் தோய்ச்சல் சரி. கடித்தால் வெப்பம் போதவில்லை, திரும்பச் செய்யலாம். இந்த நிலையில் அலகு கீழே விழுந்தாலே உடையும். அன்றைக்கே மிதமாகச் சூடாக்கிப் பதம் இறக்கிவிட வேண்டும்.

பதம் இறக்குதல்

கேக் சுடும் அவண் இருந்தால் 200 பாகையில் ஒரு மணித்தியாலம் வைத்து, ஆறவிட்டு, மீண்டும் ஒரு மணித்தியாலம் வையுங்கள். அவண் இல்லாதவர்களுக்குக் கச்சான் வறுக்கும் மணற்சட்டி இருக்கிறது. அலகைச் சாண்ட் பேப்பரால் வெள்ளையாகத் துலக்கி, சூடான மணலில் முதுகு கீழாகவும் வாய் மேலாகவும் புதைத்து நிறத்தைப் பாருங்கள். முதலில் வெளிர் வைக்கோல் நிறம், பிறகு கடும் வைக்கோல், பிறகு கபிலம், ஊதா, நீலம். வாயில் கடும் வைக்கோல் நிறம் வந்ததும் எடுத்துவிட வேண்டும். முதுகு நீலத்துக்குப் போனால் நல்லது, அந்தப் பக்கம் வளைந்து கொடுக்கும். வாய் நீலமானால் கூர் நிற்காது. அப்படியானால் தோய்ச்சலிலிருந்து திரும்பத் தொடங்குங்கள்.

பிடி

வன்னியில் கத்திப் பிடிக்கு மரம் தேட வேண்டியதில்லை. தச்சுப்பட்டறைக் கழிவில் முதிரையும் பாலையும் வேம்பும் கிடக்கும். காட்டில் ஒரு கொப்புக்கூட வெட்ட வேண்டாம், துண்டு மரமே போதும். என் விருப்பம் பனை வைரம். பழைய வீடு பிரிக்கும்போது கழியும் பனஞ்சிலாகையிலும் தீராந்தியிலும் கறுப்பு நார் நெருக்கமாக ஓடும் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். முதிரையிலும் பாலையிலும் வேம்பிலும் அந்தக் கோடு வராது. அதன் சிலாம்பு கையில் ஏறினால் கொடுமை, அதனால் கையுறை போட்டே ராவுங்கள். தூள் மூக்கில் போகாமல் துணி கட்டுங்கள்.

பிடியின் நீளம் 11 சென்ரிமீற்றர். முன்முனையில் பூண் போட 12 மில்லிமீற்றர் நீளத்துக்கு ஒடுக்கி, பழைய பித்தளைக் குழாயில் வெட்டிய வளையத்தை இறுக்கமாக ஏற்றுங்கள். பூண் இல்லாவிட்டால் வால் இறங்கும்போது மரம் பிளந்துவிடும். நடுவில் வாலை விடச் சிறிய துளை போட்டு, அலகை ஈரத்துணியால் நன்றாகச் சுற்றி வைஸில் பிடித்துக்கொண்டு, வாலின் நுனிப்பாதியை மட்டும் சிவக்கக் காய்ச்சி, துளைக்குள் சிறிது சிறிதாக எரித்து இறக்குங்கள். சூடு அலகுக்கு ஏறினால் பதம் போய்விடும். துணி காயக் காய நனைத்துக்கொண்டே இருங்கள்.

ஒட்டுவதற்குக் குங்கிலியத்தை உருக்கி, அதில் பாதியளவு சலித்த செங்கற்றூளும் சிறு துண்டு தேன்மெழுகும் கலக்க வேண்டும். மெழுகில்லாத குங்கிலியம் உதிரும். மெழுகு கூடினால் பிடி ஆடும். குச்சியில் ஒரு சொட்டு எடுத்து ஆறவிட்டு நகத்தால் அழுத்துங்கள். அழுந்தாமலும் நொறுங்காமலும் இருந்தால் கலவை சரி. துளைக்குள் ஊற்றி, இளஞ்சூடாக்கிய வாலை இறக்கி, அலகும் பிடியும் நேராக நிற்கிறதா என்று முதுகுப் பக்கமிருந்து பார்த்து, ஆறும்வரை பிடித்திருங்கள். உள்ளே எபொக்சி விட்டாலும் வெளியே தெரியாதுதான். ஆனால் குங்கிலியம் போட்ட பிடியைப் பின்னொரு நாள் சூடாக்கிக் கழற்றிச் சரிசெய்யலாம். பழைய கத்திகள் பிடி மாறி மாறி நெடுங்காலம் நின்றது இப்படித்தான். எனக்கு அது முக்கியம்.

வயது கொடுத்தல்

எதைச் செய்தாலும் முதலில் அறுத்து மிஞ்சிய துண்டு உருக்கில் செய்து பாருங்கள். வரிசையும் முக்கியம். முதலில் வடிவத் தேய்வு, பிறகு சிறு காயங்கள், அதன்பின் கறை, துரு, கடைசியாக அழுக்கு. காலமும் இந்த வரிசையில்தான் வேலை செய்கிறது.

வடிவத் தேய்வைப் பலர் செய்வதேயில்லை. பல ஆண்டு தீட்டிய அலகு, பிடியைத் தாண்டிய முதற் பகுதியில் அதிகம் குறைந்து, உள்நோக்கி மெல்ல வளைந்திருக்கும். நுனியும் சற்றுக் குட்டையாகியிருக்கும். இதை அரத்தால் வெட்டாமல், முரட்டுத் தீட்டுக்கல்லில் தண்ணீர் விட்டு, உண்மையில் தீட்டுவதுபோலவே தீட்டி எடுங்கள். கல்லின் கீறல் சரியான சரிவில் தானாக விழும். பிடியில் சுண்டுவிரல் மடங்கும் இடத்தையும் உள்ளங்கை அழுந்தும் இடத்தையும் சாண்ட் பேப்பரால் மெல்லத் தாழ்த்துங்கள். கத்தியை வலக்கையில் பிடித்து வெட்டுவதுபோலச் செய்து, கை எங்கே உராய்கிறது என்று கரித்தூள் பூசிப் பார்த்தால் இடம் தெரியும். இரு பக்கமும் ஒரே அளவாகத் தேய்க்க வேண்டாம். மனிதக் கை ஒரே அளவாகத் தேய்ப்பதில்லை.

கறைக்கு எல்லாவற்றையும் விடச் சிறந்தது பாவனை. குசினியில் போட்டுப் புளிமாங்காய், வாழைக்காய், வாழைப்பொத்தி, தேசிக்காய் வெட்டுங்கள். வெட்டியதும் கழுவித் துடைத்துவிட்டால் போதும். சில வாரங்களில் நீலமும் சாம்பலும் கலந்த கறை வாய்ப்பக்கம் அடர்ந்தும் முதுகுப் பக்கம் மங்கியும் ஏறும். எந்த இரசாயனமும் அந்த அழகைத் தராது. காத்திருக்க முடியாதவர்கள் அலகைச் சவர்க்காரம் போட்டு எண்ணெய்ப்பசை போகக் கழுவி, சூடான வினாகிரியைத் துணியில் தொட்டு ஒற்றி ஒற்றி எடுக்கலாம். முழுவதும் அமிழ்த்தினால் ஒரே சாம்பல் நிறமாக வந்து கெட்டுவிடும். அதன்மேல் சாயம் கூடிய பிளேன்ரீயைப் பூசினால், அதிலுள்ள துவர்ப்புப் பொருளான தனின் இரும்போடு சேர்ந்து கறுப்பாகும். சித்த மருந்துக் கடைக் கடுக்காயை அவித்த தண்ணீர் இன்னும் கடுமையான கறுப்பைத் தரும். பழைய காலத்து மையில் ஒருவகையும் இந்தச் சேர்க்கையால் ஆனதுதான். விரும்பிய நிறம் வந்ததும் அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் கழுவி அமிலத்தை நிறுத்த வேண்டும்.

துருக்குழி வேண்டுமென்றால் சிறிய இடங்களில் மட்டும், வாயிலிருந்து குறைந்தது 8 மில்லிமீற்றர் தள்ளி வையுங்கள். வாயில் குழி விழுந்தால் அது பழமையாகத் தெரியாது, பழுதாகத்தான் தெரியும். வினாகிரியில் நனைத்த துணித்துண்டை அந்த இடத்தில் ஒட்டி, ஈரம் காயாமல் ஓரிரவு விடுங்கள். சிவப்புத் துரு எழும்பியதும் கத்தியலகைக் கொதிநீரில் பத்து நிமிடம் அவியுங்கள். பிடி தண்ணீரில் படக்கூடாது, குங்கிலியம் இளகும். ஆகவே இந்த வேலையைப் பிடி போடுமுன் செய்வது புத்தி. கொதிநீரில் சிவப்புத் துரு கறுப்பு இரும்பு ஒட்சைட்டாக மாறி இரும்போடு இறுகப் பற்றிக்கொள்ளும். உதிர்கிற மிச்சத்தை இரும்புத் தும்பால் தேய்த்து எடுத்துத் திரும்பவும் துருவேற்றி அவிக்கலாம். ஒவ்வொரு சுற்றிலும் கறுப்பு ஆழமாகும். அவிக்க மழைத்தண்ணீர் எடுங்கள். எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் கல்தண்ணீர், அலகில் வெள்ளைப் படிவு விழும்.

உப்புப் போட்டால் துரு வேகமாக வரும் என்பது உண்மை. நான் போடுவதில்லை. குழிக்குள் தங்கிய உப்பு எவ்வளவு கழுவினாலும் முழுவதும் போகாது, மாரி தொடங்கியதும் சிவப்பாகத் திரும்பி வரும். பற்றரி அசிட்டைத் தொடவே வேண்டாம். வெளுக்கும் திரவத்தை வினாகிரியோடு கலக்கவும் கூடாது, குளோரின் வாயு வெளிவந்து மூச்சை அடைக்கும்.

கறுப்பு ஏறியபின் கழிக்கும் வேலை இருக்கிறது. கட்டைவிரல் படும் முதுகையும் அலகின் மேடான விளிம்புகளையும் 400 இலக்கச் சாண்ட் பேப்பரால் லேசாகத் தேய்த்து உள்ளிரும்பு தெரிய விடுங்கள். பூணுக்குக் கிட்ட உள்ள மூலையைத் தொடாதீர்கள். அந்த மூலைக்குத் துணியும் போவதில்லை, கல்லும் போவதில்லை. பழைய கத்திகளில் அங்கேதான் கறுப்பு அடர்ந்து நிற்கும்.

பித்தளைப் பூணை உப்பும் வினாகிரியும் தெளித்த மரத்தூளோடு ஒரு மூடிய போத்தலுக்குள் ஓரிரு நாள் வைத்தால் பச்சை பிடிக்கும். இதையும் பிடியில் ஏற்றுமுன்னரே செய்து, நன்றாகக் கழுவி உலர்த்துங்கள். பிறகு மேற்பரப்பைத் துடைத்து, பச்சையை விளிம்பின் அடியில் மட்டும் விடுங்கள். அந்தப் பச்சை நஞ்சு. உணவுக்கு எடுக்கும் கத்தியென்றால் அதை முழுவதும் துடைத்து, கபில நிறத்தோடு நிறுத்துங்கள்.

பிடிக்கு நிறம் கொடுக்க, இரும்புத் தும்பை வினாகிரியில் சில நாள் ஊறப்போட்டு வடித்த தண்ணீர் போதும். போத்தலை இறுக்கி மூட வேண்டாம், உள்ளே வாயு சேரும். முதலில் மரத்தில் கடும் பிளேன்ரீயைப் பூசிக் காயவிட்டு, மேலே இதைப் பூசினால் கண்முன்னே கறுக்கும். தேய்த்த இடங்களில் மரத்தின் நிறம் வெளிவர விடுங்கள். இறுதியில் ஆளிவிதை எண்ணெய் மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை. தேங்காய் எண்ணெய் காயாது, பிசுபிசுக்கும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவிடுங்கள். எண்ணெய் காய்ந்தபின் வன்னித் தேன் எடுப்பவர்களிடம் கிடைக்கும் தேன்மெழுகில் லாம்புக் கரியைச் சிறிது குழைத்து, பூணும் மரமும் சேரும் இடைவெளியிலும் மரக்கோடுகளிலும் தேய்த்து, மேலே உள்ளதைத் துடைத்துவிடுங்கள்.

பெயரும் ஆண்டும்

வாலைப் பிடிக்குள் இறக்குமுன் அதில் உங்கள் எழுத்தையும் செய்த ஆண்டையும் ஆணியால் குத்திப் பதியுங்கள். அலகில் பிடியருகேயும் ஒரு சிறு அடையாளம் வேண்டும். நீங்கள் அன்போடு செய்த பொருள் உங்களுக்குப் பின் எந்தக் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. அதை யாரும் 200 ஆண்டுப் பழையது என்று விற்க இடம் கொடுக்கக் கூடாது. விற்பதானால் புதிதாகச் செய்தது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மறுபுறம், உண்மையான பழைய கத்தி ஒன்று உங்களிடம் வந்தால் இந்தக் கட்டுரையில் உள்ள எதையும் அதில் செய்யாதீர்கள், துருவைக்கூடத் தேய்க்க வேண்டாம். மண்ணில் கிடைத்த பழம்பொருள்கள் 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்துக்குள் வரலாம். தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

கூரும் பராமரிப்பும்

நாடகத்துக்கான கத்தியென்றால் வாயை 1 மில்லிமீற்றர் தடிப்பிலேயே விட்டு, நுனியையும் உருட்டிவிடுங்கள். கறை ஏற்றியபின் பார்வையாளர் இருக்கையிலிருந்து வித்தியாசம் தெரியாது. கூத்தில் ஓடி ஆடும் பிள்ளையின் கையில் கூரான இரும்பைக் கொடுக்க வேண்டாம். பாவனைக்கான கத்தியை முதலில் முரட்டுக் கல்லிலும் பிறகு மென்கல்லிலும் தீட்டி, தோல்வாரில் இழுங்கள். வெளியே கொண்டுபோகும்போது துணியில் சுற்றிப் பைக்குள் வையுங்கள். இடுப்பில் செருகிக்கொண்டு சந்தைக்கோ பஸ்ஸுக்கோ போனால் பொலிஸ் விசாரணைக்கு ஆளாக நேரும்.

ஐப்பசி தொடங்கி மார்கழி வரை ஈரக்காற்று இரும்பை விடாது. தோலுறைக்குள் வைத்தால் தோல் ஈரத்தைப் பிடித்து அலகைத் தின்னும். உறையை வேறாக ஆணியில் மாட்டிவிட்டு, அலகுக்குத் தேன்மெழுகு தேய்த்துப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். குசினியில் எடுப்பதானால் ஒவ்வொரு முறையும் கழுவியவுடன் துடைத்துவிட வேண்டும். பிடி ஆடத் தொடங்கினால் பதற வேண்டாம். அலகை ஈரத்துணியில் சுற்றி, பூணை மெழுகுதிரிச் சுடருக்கு மேல் மெல்லச் சூடுகாட்டினால் குங்கிலியம் இளகும். அழுத்தி நேராக்கி, ஆறும்வரை பிடித்திருந்தால் பிடி திரும்ப இறுகும்.